ஊசிக்கு முன் தட்டைப் பாருங்கள்

காலை ஏழரை மணி. மெடிக்கல் வார்டில் பன்னிரண்டாம் கட்டில் பாட்டிக்கு 30/70 இன்சுலின் 20 யூனிட் போட வேண்டும். கேஸ் ஷீட்டில் இருப்பது சரி, வயல் (மருந்துக் குப்பி) சரி, சிரிஞ்ச் சரி, நேரம் சரி, ஆளும் சரி. ஊசி போட்டாயிற்று. பத்தரை மணிக்குப் பாட்டிக்கு உடம்பெல்லாம் வேர்வை. கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறார். விரல் ரத்தத்தில் சர்க்கரை அளவு (சி.பி.ஜி.) பார்த்தால் 46. நர்சிங் படிக்கும்போது மனப்பாடம் செய்த ஐந்து சரிகளில் (ஆள், மருந்து, அளவு, வழி, நேரம்) ஒன்றுகூடத் தவறவில்லை. ஆனால் பாட்டி ராத்திரி மூன்று முறை வாந்தி எடுத்திருக்கிறார், காலையில் அரை இட்லிதான் உள்ளே போயிருக்கிறது. இது ஒரு உதாரணம்தான், ஆனாலும் எந்த வார்டுக்கும் புதிதல்ல.

மருந்தைச் சரிபார்ப்பதை ஒரு வேலையாகவும், நோயாளியைப் பார்ப்பதை ரவுண்ட்ஸ் நேரத்துக்கு உரிய இன்னொரு வேலையாகவும் பிரித்துவைத்திருக்கிறோம். அபாயம் அதிகமுள்ள மருந்துகளில் இந்தப் பிரிவுதான் ஆளைக் கொல்கிறது. வார்டில் தினமும் கையில் எடுக்கும் மூன்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்: இன்சுலின், பொட்டாசியம் குளோரைடு, மெக்னீசியம் சல்பேட்.

முதலில் அந்தத் தட்டு. நம் ஊரில் "சாப்பிட்டீங்களா?" என்பது நலம் விசாரிப்பு. வயிற்றில் ஒன்றும் இல்லாவிட்டாலும் "ஆச்சும்மா" என்றுதான் பெரியவர்கள் சொல்வார்கள். அதை நம்பி இன்சுலின் போடக் கூடாது. "பாட்டி, எத்தனை இட்லி சாப்பிட்டீங்க? வாந்தி வந்துச்சா?" என்று எண்ணிக்கையாகக் கேளுங்கள், தட்டையும் ஒரு பார்வை பாருங்கள். உணவுக்கு அரை மணி முன்பு போட வேண்டிய மருந்தென்றால் இரவு என்ன சாப்பிட்டார் என்று கேளுங்கள். காலைச் சாப்பாடு வார்டுக்கு வந்துவிட்டதா, இன்றைக்கு ஸ்கேனுக்கோ எண்டோஸ்கோப்பிக்கோ வெறும் வயிற்றோடு போக வேண்டியவரா என்றும் பாருங்கள். ஊசி போட்ட பிறகு வீல்சேரில் ஸ்கேன் அறை வாசலில் இரண்டு மணி நேரம் காத்திருப்பவருக்குச் சர்க்கரை இறங்கினால் பார்ப்பதற்குப் பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள்.

பெயர் கேட்பதும் அப்படித்தான். "நீங்கதானே பழனியம்மாள்?" என்றால் காது மந்தமானவரும் தலையாட்டுவார். "உங்க பேரு என்னம்மா?" என்று அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள், பிறகு உள்நோயாளி (ஐ.பி.) எண்ணோடு ஒத்துப் பாருங்கள். ஒரே வார்டில் இரண்டு பழனியம்மாள் இருப்பது சாதாரணம். கட்டில் எண்ணை அடையாளமாக வைத்துக்கொள்ளவே கூடாது. காற்றுக்காகக் கட்டில் மாறிப் படுப்பவர்கள் நிறைய.

இப்போது சிரிஞ்ச். இந்தியாவில் இன்சுலின் இரண்டு அடர்த்தியில் புழங்குகிறது. வயலில் பெரும்பாலும் யு-40, அதாவது ஒரு மில்லியில் 40 யூனிட். பேனா வடிவ ஊசிக்கருவியான பென்னில் போடும் 3 மில்லி கார்ட்ரிட்ஜ் யு-100, ஒரு மில்லியில் 100 யூனிட். இப்போது யு-100 வயல்களும் வருகின்றன. யு-40 சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, யு-100 சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. இரவு டியூட்டியில் மங்கிய வெளிச்சத்தில் இந்த இரண்டு நிறமும் ஒன்றுபோலவே தெரியும் என்பதால் மூடியின் நிறத்தை மட்டும் நம்பாமல் உருளையில் அச்சிட்ட எண்ணைப் படியுங்கள். மூடியைக் கழற்றிப் போட்ட பிறகு அடையாளத்துக்கு அந்த எண் ஒன்றுதான் மிச்சம்.

மாறினால் என்ன ஆகும் என்று ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்த்தால் மறக்காது. 20 யூனிட் போட வேண்டும், கையில் யு-40 வயல். ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே வருவது 0.2 மில்லி. அதில் இருப்பது 8 யூனிட்தான். சர்க்கரை இறங்கவில்லையே என்று டோஸைக் கூட்டிக்கொண்டே போவார்கள். என்றைக்காவது ஒருவர் சரியான சிரிஞ்சில் அந்தக் கூட்டிய டோஸைப் போடும்போது நோயாளி விழுந்துவிடுவார். இதன் மறுபக்கம் இன்னும் மோசம். பென் வேலை செய்யவில்லை என்று கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் வருவது 0.5 மில்லி, அதாவது 50 யூனிட். கேட்டதைவிட இரண்டரை மடங்கு. அதனால்தான் பென் கார்ட்ரிட்ஜுக்குள் சிரிஞ்ச் ஊசியை விடவே கூடாது என்கிறோம். சரியான சிரிஞ்ச் இல்லையென்றால் இரண்டரையால் பெருக்கிச் சமாளிப்பதைவிட ஸ்டோருக்கு ஆள் அனுப்பி வாங்குவது மேல். பக்கத்து வார்டில் கேட்டால்கூடக் கிடைக்கும். அந்தப் பெருக்கலை அடுத்த டியூட்டிக்காரரும் ஒழுங்காகப் போடுவார் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

பென்னில் இன்னொரு விஷயம். ஊசியை மாற்றினாலும் ஒருவர் பென்னை இன்னொருவருக்குப் போடக் கூடாது. அழுத்தும்போது ரத்தம் கார்ட்ரிட்ஜுக்குள் திரும்ப ஏறலாம், கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் 2 யூனிட் வெளியே விட்டு ஊசி நுனியில் சொட்டு வருகிறதா என்று பார்த்த பிறகுதான் டோஸ் திருப்ப வேண்டும். பட்டனை முழுக்க அழுத்திப் பத்து எண்ணிவிட்டு ஊசியை எடுங்கள். உடனே எடுத்தால் தோலில் ஈரம் தெரியும். அது உள்ளே போயிருக்க வேண்டிய மருந்து.

இன்சுலின் ஆர்டரில் யூனிட் என்பதற்கு ஆங்கிலத்தில் ஒற்றை 'யு' (U) எழுதும் பழக்கம் இன்னும் போகவில்லை. 10க்குப் பக்கத்தில் அவசரமாக எழுதிய 'யு' பூஜ்யமாகத் தெரிந்தால் 10 யூனிட் 100 ஆகிவிடும். அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச் சான்று தரும் ஜாயின்ட் கமிஷன் 2004இல் வெளியிட்ட, எழுதக் கூடாத சுருக்கங்களின் பட்டியலில் இந்த 'யு' இருக்கிறது. புள்ளிக்குப் பின்னால் தேவையில்லாமல் வரும் பூஜ்யமும் அதில் உண்டு. 5.0 என்பதில் புள்ளி மங்கினால் 50. ஃபோனில் ஆர்டர் வாங்கும்போது ஆங்கில ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் ஒன்றுபோலக் கேட்கும். "பதினைந்து யூனிட், ஒன்று ஐந்து, சரிதானே டாக்டர்?" என்று தமிழில் திருப்பிச் சொல்லிவிட்டால் குழப்பம் அங்கேயே தீரும்.

தெளிவாக இருப்பதெல்லாம் சீக்கிரம் வேலை செய்யும் ரெகுலர் இன்சுலின் என்ற பழைய நினைப்பும் ஆபத்து. கிளார்ஜின் இன்சுலினும் தண்ணீர்போலத் தெளிவாகத்தான் இருக்கும், ஆனால் அது ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க வேலை செய்வது. அதை எதனோடும் கலக்கக் கூடாது, நரம்பில் போடக் கூடாது. ரெகுலர் அரை மணியில் ஆரம்பித்து 2 முதல் 4 மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும். கலங்கலான என்.பி.ஹெச். இன்சுலின் மெதுவாக ஏறி 4 முதல் 10 மணி நேரத்தில் உச்சம் தொடும். 30/70 கலவையில் இரண்டுமே இருப்பதால் ஏழரைக்குப் போட்டவருக்கு முன்பகலில் ஒரு கண்டம், மதியச் சாப்பாடு தள்ளிப்போனால் இன்னொரு கண்டம். கலங்கல் மருந்தைக் குலுக்காமல் உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்துப் பத்து இருபது முறை உருட்டுங்கள். உருட்டாமல் எடுத்தால் ஒரு நாள் மேல்தண்ணீரும் இன்னொரு நாள் அடிவண்டலும் போகும்.

சி.பி.ஜி. எடுக்கும் விரலைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். மாம்பழமோ வாழைப்பழமோ சாப்பிட்ட விரலில் ஸ்பிரிட் பஞ்சை மட்டும் தடவிக் குத்தினால், விரலில் ஒட்டியிருக்கும் சர்க்கரையும் சேர்ந்து அளக்கப்படும். 110 இருக்கும் இடத்தில் 250 காட்டலாம். அந்த 250-ஐ நம்பிக் கூடுதல் இன்சுலின் போட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. சோப்புத் தண்ணீரில் கழுவித் துடையுங்கள். ஸ்பிரிட் போட்டால் காயும்வரை பொறுங்கள். விரல் நுனியின் பக்கவாட்டில் குத்தி, முதல் சொட்டைத் துடைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். பிசைந்து பிழிய வேண்டாம். ரத்தசோகை அதிகமுள்ளவருக்கு மீட்டர் உண்மையைவிடக் கூட்டிக் காட்டும். பி.பி. விழுந்து கை சில்லிட்டவருக்கு விரல் ரத்தத்தை நம்பாமல் சிரை ரத்தத்தை லேபுக்கு அனுப்புங்கள்.

70-க்குக் கீழே இறங்கினால் நினைவோடு இருப்பவருக்கு 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று டீஸ்பூன், தண்ணீரில் கரைத்துக் கொடுத்து 15 நிமிஷத்தில் மறுபடி பார்க்க வேண்டும். இது எல்லோருக்கும் தெரியும். வோக்ளிபோஸ் என்ற சர்க்கரை நோய் மாத்திரை சாப்பிடுபவருக்கு வீட்டுச் சர்க்கரை சரியாக வேலை செய்யாது என்பதுதான் பலருக்கும் தெரிவதில்லை. அந்த மருந்து குடலில் சர்க்கரை உடைவதையே தடுக்கிறது. அவருக்குக் குளுக்கோஸ் பவுடர்தான் வேண்டும். மெடிக்கேஷன் டிராலியில் ஒரு டப்பா குளுக்கோஸ் எப்போதும் இருக்கட்டும். மெட்டோபுரோலால், புரோப்ரனோலால் மாதிரி இதய, பி.பி. மாத்திரை எடுப்பவருக்குப் படபடப்பும் கை நடுக்கமும் வராமலே சர்க்கரை இறங்கும், ஆனால் வேர்வை வரும். இதய நோயாளி ஃபேனுக்கு அடியில் வேர்த்துப் படுத்திருந்தால் ஈ.சி.ஜி.யோடு சி.பி.ஜி.யும் எடுங்கள். சிறுநீரகம் பழுதானவர் உடம்பில் இன்சுலின் சீக்கிரம் வெளியேறாது. கிரியேட்டினின் ஏறிக்கொண்டே போகிறது, இன்சுலின் டோஸ் மட்டும் போன வாரத்ததே என்றால் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், அட்டெண்டர் பதறிப்போய் ஊற்ற வந்தாலும் தடுங்கள். 25% டெக்ஸ்ட்ரோஸ் 100 மில்லியில் 25 கிராம் இருக்கிறது. ஏற்றுவதற்கு முன் நரம்பில் செருகிய வென்ஃபிளான் குழாய் சரியாக ஓடுகிறதா என்று சலைன் விட்டுப் பாருங்கள். இந்த டெக்ஸ்ட்ரோஸ் தோலுக்கடியில் கசிந்தால் சதை வெந்து போகும். கண் விழித்துப் பேசிவிட்டார் என்று விட்டுவிடவும் கூடாது. கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு மாதிரி சர்க்கரை நோய் மாத்திரையால் இறங்கிய சர்க்கரை அன்று முழுக்கத் திரும்பத் திரும்ப இறங்கும்.

சர்க்கரை குறைவாக இருக்கிறது என்று நாமாகவே இன்சுலினை நிறுத்திவிடுவதும் தவறு. உடம்பில் இன்சுலின் சுரக்காத டைப் 1 நோயாளிக்கு அடிப்படை இன்சுலின் நின்றால் கீட்டோஅசிடோசிஸில், அதாவது ரத்தத்தில் அமிலம் ஏறும் ஆபத்தில், போய் முடியும். நிறுத்திவைத்துக் கேட்பது நம் பொறுப்பு. எவ்வளவு குறைப்பது, எப்போது போடுவது என்பது டாக்டரின் ஆர்டர்.

கீட்டோஅசிடோசிஸில் சர்க்கரை 500 இருக்கிறதே என்று அவசரமாக இன்சுலின் டிரிப்பைத் தொடங்கும் முன் பொட்டாசியம் ரிசல்ட்டைக் கேளுங்கள். இன்சுலின் பொட்டாசியத்தை ரத்தத்திலிருந்து செல்லுக்குள் தள்ளும். ஏற்கெனவே குறைந்திருந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். 3.3-க்குக் கீழே இன்சுலின் தொடங்காதே என்று பழைய நெறிமுறை சொன்னது. 2024இல் வந்த புதிய பரிந்துரையில் அது 3.5.

அந்தப் பொட்டாசியம் வருவது 10 மில்லி ஆம்பியூலில். 15% என்று போட்டிருக்கும், அதில் 20 மில்லி ஈக்விவலன்ட் (மி.ஈ.). டிஸ்டில்டு வாட்டர் ஆம்பியூலும் அதே உயரம், அதே பிளாஸ்டிக். ஆன்டிபயாட்டிக் பவுடரைக் கரைக்கக் கை நீட்டுகிற தட்டில் இரண்டும் சேர்ந்து கிடந்தால் என்றோ ஒரு நாள் மாறத்தான் செய்யும், மாறினால் இதயம் நின்றுவிடும். அடர் பொட்டாசியத்தைப் பொது வார்டு அலமாரியிலிருந்தே அகற்றச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் 2007இலேயே கூறியிருக்கிறது. அகற்ற முடியாத இடத்தில் தனிப் பெட்டி, பூட்டு, சிவப்பு லேபிள்.

நேராக நரம்பில் தள்ளக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரிந்தே நடக்கும் தவறு வேறு: தொங்கிக்கொண்டிருக்கும் பாட்டிலில் ஆம்பியூலைச் செலுத்திவிட்டு அப்படியே விட்டுவிடுவது. பொட்டாசியம் கனமானது, பாட்டிலின் வாய்ப்பக்கம் தங்கும். முதல் சில நிமிஷங்களில் போவது ஏறக்குறைய அடர் மருந்தேதான். கிளாம்ப்பை மூடி, பாட்டிலை இறக்கி, பத்து முறையாவது தலைகீழாகப் புரட்டிய பிறகு மாட்டுங்கள். 500 மில்லியில் ஒரு ஆம்பியூல், சாதாரணக் கை நரம்பில் மணிக்கு 10 மி.ஈ.-க்கு மேல் போகக் கூடாது. பம்ப் இல்லாத வார்டில் நான்கு மணி நேரத்துக்கு ஓட விட்டால் ஒரு மில்லிக்கு 20 சொட்டு விழும் செட்டில் நிமிஷத்துக்கு 42 சொட்டு. கையை மடக்கும்போது நின்று, நீட்டும்போது வேகமெடுக்கும் வென்ஃபிளானில் இதைத் தொடங்காதீர்கள். தொடங்கும் முன் யூரோபேக்கைப் பாருங்கள். மணிக்கு 30 மில்லி சிறுநீர்கூட இறங்காதவருக்குப் பொட்டாசியம் ஏற்றினால் அது போக வழியில்லை. "கை எரியுதும்மா" என்று அவர் சொன்னால் வேகம் அதிகம் அல்லது மருந்து சரியாகக் கலக்கவில்லை என்று எடுத்துக்கொண்டு உடனே பாருங்கள்.

லேபர் வார்டில் மெக்னீசியம் சல்பேட். வலிப்பு வந்த கர்ப்பிணியைக் காப்பாற்றும் மருந்து, அளவு மீறினால் அவர் மூச்சையே நிறுத்தும். 50% ஆம்பியூல், 2 மில்லியில் 1 கிராம். வேறு அடர்த்தியிலும் வருவதால் ஒவ்வொரு முறையும் லேபிளைப் படியுங்கள். பிரிட்சர்ட் என்ற டோஸ் முறையில் முதல் டோஸ் மொத்தம் 14 கிராம். நரம்பில் 4 கிராம்: நான்கு ஆம்பியூல், அதாவது 8 மில்லியோடு 12 மில்லி சலைன் சேர்த்து 20 மில்லியாக்கி, கடிகாரத்தைப் பார்த்து ஐந்து நிமிஷத்துக்குக் குறையாமல். பிறகு ஒவ்வொரு பிட்டத்திலும் 5 கிராம், ஐந்தைந்து ஆம்பியூல், வலி தெரியாமல் இருக்க 2% லிக்னோகெயின் 1 மில்லி சேர்த்து ஆழமாக. ட்ரேயில் காலி ஆம்பியூல்களை வரிசையாக அடுக்குங்கள், நான்கு, ஐந்து, ஐந்து. இன்னொருவரை எண்ணச் சொல்லுங்கள். பதினான்கு இருக்க வேண்டும். துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியர் பிட்டத்தில் 10 கிராமை மட்டும் போட்டுவிட்டு மேல்மருத்துவமனைக்கு அனுப்பலாம் என்று இந்திய அரசின் வழிகாட்டுதலே அனுமதிக்கிறது. அனுப்பும் சீட்டில் எத்தனை கிராம், எத்தனை மணிக்கு என்று எழுதாவிட்டால் அங்கே மறுபடியும் 14 கிராம் போய்விடும்.

அதன் பிறகு நான்கு மணிக்கொரு முறை 5 கிராம். ஒவ்வொன்றுக்கும் முன் மூன்றைப் பார்க்க வேண்டும்: முழங்கால் தட்டினால் துள்ளுகிறதா, மூச்சு நிமிஷத்துக்கு 16-க்குக் குறையாமல் இருக்கிறதா, சிறுநீர் மணிக்கு 30 மில்லியாவது இறங்குகிறதா. மெக்னீசியம் சிறுநீரில்தான் வெளியேறுகிறது, அது குறைந்தால் மருந்து உடம்பில் சேரும். சேரும்போது முதலில் போவது முழங்கால் துள்ளல், ரத்த அளவு லிட்டருக்கு 10 மி.ஈ. வாக்கில். மூச்சு நிற்பது 12-க்குப் பக்கத்தில். லேப் ரிசல்ட் வருவதற்குள் சுத்தியல் பதில் சொல்லிவிடும். முழங்காலுக்கு அடியில் நம் முன்கையைக் கொடுத்துக் காலைத் தளர்வாகத் தொங்கவிட்டு, சில்லுக்குக் கீழே தட்டுங்கள். முதல் டோஸுக்கு முன்பே ஒரு முறை தட்டிப் பார்த்து எழுதிவைத்தால்தான் பிறகு ஒப்பிட முடியும். சிசேரியனுக்காக முதுகில் மயக்க ஊசி போட்டவருக்கு முழங்கால் எப்படியும் துள்ளாது. அவருக்கு முழங்கை மடிப்பில் கட்டைவிரலை வைத்து அதன்மேல் தட்டிப் பாருங்கள். துள்ளல் இல்லையென்றால் அடுத்த டோஸ் இல்லை, உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். மெக்னீசியத்தை முறிக்கும் 10% கால்சியம் குளுக்கோனேட் 10 மில்லி கட்டில் பக்கத்திலேயே இருக்க வேண்டும், பூட்டிய அலமாரியில் இருந்து பயனில்லை.

மருந்தின் பெயரை முழுசாக எழுதுங்கள். மெக்னீசியம் சல்பேட்டைக் குறிக்கும் எம்ஜிஎஸ்ஓ4 என்பதும் மார்ஃபின் சல்பேட்டைக் குறிக்கும் எம்எஸ்ஓ4 என்பதும் அவசரக் கையெழுத்தில் ஒன்றே. ஜாயின்ட் கமிஷன் பட்டியலில் இரண்டுமே இருக்கின்றன.

மூச்சு எண்ணிக்கை பற்றி மனம் நொந்துதான் எழுதுகிறேன். எந்த வார்டிலும் சார்ட்டைப் புரட்டினால் வரிசையாக 20, 20, 20 அல்லது 18, 18. நாற்பது பேருக்கு ஒரு செவிலியர் என்றால் நேரம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் உடம்பு கெடுவதை பி.பி.க்கு முன்னால் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் மூச்சுதான். நோயாளி மோசமாவதை முன்கூட்டியே காட்ட பிரிட்டனில் 2017 முதல் புழங்கும் நியூஸ்-2 மதிப்பெண்ணில் மூச்சு 25-ஐத் தொட்டாலும் 8-க்கு இறங்கினாலும் அது ஒன்றுக்கே 3 மதிப்பெண். நாடி பிடித்த கையை நோயாளியின் நெஞ்சின்மேல் வைத்து, நாடி எண்ணுவதுபோலவே ஒரு முழு நிமிஷம் நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணுங்கள். எண்ணுவது தெரிந்தால் அவர் மூச்சை மாற்றிக்கொள்வார். எல்லோருக்கும் முடியாவிட்டால், மெக்னீசியமோ மார்ஃபினோ வாங்குபவர்களுக்காவது நிஜமாக எண்ணுங்கள்.

டோஸை நிறுத்திவைத்தால் சார்ட்டில் வெறும் வட்டம் போட்டுவிட்டுப் போகாதீர்கள். அடுத்த டியூட்டிக்காரர் அதை விட்டுப்போன டோஸ் என்று நினைத்து எட்டரைக்கு வந்து போட்டுவிடுவார். அந்தப் பன்னிரண்டாம் கட்டில் பாட்டிக்கு எழுதியிருக்க வேண்டியது இது: "காலை 7.20. சி.பி.ஜி. 82. இரவு மூன்று முறை வாந்தி. காலை உணவு அரை இட்லி. 30/70 இன்சுலின் 20 யூனிட் போடவில்லை. 7.25க்கு டியூட்டி டாக்டரிடம் ஃபோனில் சொல்லப்பட்டது. அவர் நேரில் பார்க்கும்வரை நிறுத்திவைக்கச் சொன்னார். அடுத்த சி.பி.ஜி. 8.30க்கு." கீழே கையெழுத்தும் பெயரும்.